அயர்ன் ஃபில்டர்: கழுவிப் பார்ப்பதா, மீடியா மாற்றுவதா, புதுசே வாங்குவதா?

பக்கத்துத் தெரு நண்பர் போன மாதம் தன் வெள்ளை வேட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "வேட்டி தானாகவே காவியாயிடுச்சு, இனி நான் சந்நியாசம் வாங்குறதுதான் பாக்கி." போர் தண்ணீரிலுள்ள இரும்பைப் பிடிக்க ஆறு வருடத்துக்கு முன் வைத்த அயர்ன் ஃபில்டர் வீட்டு வாசலில் நிற்கிறது. போர் மோட்டார் ஓடுகிறது, தண்ணீரும் வருகிறது. ஆனால் பாத்ரூம் டைல்ஸ் மறுபடி மஞ்சள்.

அவருக்கு மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஃபில்டர் விற்பவர், "ஆறு வருஷம் ஓடினதே பெருசு சார், புது யூனிட் போட்டுடுங்க" என்றார். பிளம்பர், மீடியாவை, அதாவது உள்ளே மணல் மாதிரி இருக்கும் வடிகட்டும் துகள்களை, மட்டும் மாற்றினால் போதும் என்றார். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், "இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை? தொட்டில விட்டு ஒரு ராத்திரி தெளிய வெச்சா ஆச்சு" என்று முடித்துவிட்டார். மூன்றுமே தவறான யோசனை இல்லை. எது யார் வீட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. இதே கேள்வியோடு வேறு சிலரும் கேட்டுவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நானும் மடிப்பாக்கத்துக்காரன்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். போர் தண்ணீர் குழாயிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அரை மணி நேரத்தில் பக்கெட்டின் அடியில் காவி படியும். காரணம் எளிது. நிலத்தடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. கரைந்த இரும்புக்கு நிறம் கிடையாது. வெளியே வந்து காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சந்தித்ததும் துருவாக மாறித் திரிகிறது. அயர்ன் ஃபில்டர் செய்வதும் அவ்வளவுதான்: இந்தத் துருப்பிடித்தலை வெசலுக்குள்ளேயே (மீடியா இருக்கும் உருளைத் தொட்டி) விரைவாக நடத்தி, துருவை மீடியாவில் பிடித்து வைக்கிறது. பிடித்து வைத்ததை நாம்தான் அவ்வப்போது கழுவி வெளியேற்ற வேண்டும். அந்தக் கழுவல்தான் பேக்வாஷ்.

ஒரு கணக்கு சொல்கிறேன். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்பு, தினம் 800 லிட்டர் தண்ணீர். ஒரு நாளைக்கு 2.4 கிராம். வருடத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் இரும்பு. துருவாகும்போது எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். இத்தனையும் அந்த வெசலுக்குள் போயிருக்கிறது. வெளியே வந்திருக்கிறதா?

## முடிவு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இரும்பு எங்கிருந்து வருகிறது. சிலர் வீட்டில் போர் தண்ணீர் நன்றாகவே இருக்கும்; பழைய ஜி.ஐ. பைப் உள்ளே துருப்பிடித்திருக்கும். காலையில் குழாயைத் திறந்ததும் மஞ்சளாக வந்து, ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டால் சந்தேகம் பைப் மேல் விழ வேண்டும். இன்னொரு சோதனை: போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டருக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். முதலில் தெளிவாக இருந்து போகப்போக மஞ்சளானால் அது கரைந்த இரும்பு. பிடிக்கும்போதே மஞ்சள் என்றால், ஏற்கெனவே துருவானது. பாட்டிலின் உட்பக்கம் வழவழப்பாகப் பாசி போலவோ, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் போலவோ இருந்தால் இரும்பு பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு எந்தப் புது ஃபில்டரும் மருந்து இல்லை, முதலில் போரையும் பைப்பையும் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும்.

ஃபில்டருக்குப் பின்னால் வரும் தண்ணீரையும் ஒரு டம்ளர் பிடித்து, இரண்டிலும் சம அளவு கட்டி டீ டிகாக்‌ஷன் விடுங்கள். இரும்பு உள்ள தண்ணீர் மை மாதிரி கறுக்கும். கடுக்காய்ப் பொடி இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இதே இரும்பும் கடுக்காயும் சேர்ந்துதான். இரண்டு டம்ளரும் ஒரே கறுப்பாக இருந்தால் ஃபில்டர் சும்மா நிற்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு இரும்பு, பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) எவ்வளவு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். சாதாரண பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் வைத்துவிட்டுக் கொடுத்தால், இரும்பு துருவாகிப் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ரிசல்ட் குறைவாக வரும். இரும்புச் சோதனைக்கு மட்டும் ஆய்வகத்திலேயே அமிலத் துளி விட்ட பாட்டில் கேட்டு வாங்குங்கள்; பி.எச். பார்க்க அமிலம் விடாத பாட்டில்.

ரிப்போர்ட்டில் "அளவுக்குள் இருக்கிறது" என்று வந்தும் பக்கெட் மஞ்சளாவது பலருக்குக் குழப்பம். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, 2012இல் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றுதான் எல்லை வைத்திருந்தது. 2015 திருத்தத்தில் அதை 1.0 ஆக உயர்த்தினார்கள். ஆனால் கறை படிவது 0.3இலேயே தொடங்கிவிடும். ஆக 0.8 என்று வந்தால் குடிக்கத் தடையில்லை, வேட்டிக்குத் தடை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இரும்புக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதுவும் வைக்கவில்லை. ருசி, கறை, குழாய் அடைப்பு, இதற்காகத்தான் இத்தனை பாடு.

பி.எச். முக்கியம். அது ஒரு புள்ளி ஏறினால் இரும்பு துருவாகும் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடும். 7.5 உள்ள தண்ணீரில் சில நிமிடத்தில் நடப்பது, 6.5 உள்ள தண்ணீரில் பல மணி நேரம் இழுக்கும். செம்புரைக்கல் பூமியில், கேரளக் கிணறுகளில் இருப்பதுபோல, தண்ணீர் அமிலமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து மீடியா வாங்கினாலும் பாதி வேலைதான் செய்யும்.

பக்கெட்டும் கடிகாரமும். நான் சொல்ல வந்ததில் பெரிய விஷயம் இதுதான். வீட்டு ஃபில்டர்கள் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை. கழுவப்படாமல் மூச்சு முட்டித்தான் சாகின்றன. பேக்வாஷ் என்பது தண்ணீரைக் கீழிருந்து மேலே வேகமாக அனுப்பி, மீடியாவை மொத்தமாகத் தூக்கிக் குலுக்குவது. வேகம் போதாவிட்டால் மீடியா அசையாது. மேலாக இருக்கும் கொஞ்சம் கலங்கல் மட்டும் போகும். தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று நாமும் நிறுத்திவிடுவோம்.

வீடுகளில் அதிகம் இருப்பது 1054 வெசல்: 10 அங்குல விட்டம், 54 அங்குல உயரம். உள்ளே லேசான மீடியா, அதாவது பிர்ம் போன்றது, இருந்தால் பேக்வாஷுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 20 லிட்டர் வேண்டும். ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் கைப்பிடி வால்வை (மல்டிபோர்ட் வால்வு) பேக்வாஷில் வைத்து, கழிவுநீர்க் குழாய் வாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். கனமான மாங்கனீசுத் தாது வகை, பைரோலுசைட் என்பார்கள், அது இருந்தால் அதே பக்கெட் 23 நொடியில் நிரம்ப வேண்டும். வீட்டுப் போர்களில் பாதிக்கு மேல் கோடையில் இதைக் கொடுக்காது என்பது என் ஊகம்; எங்கள் வீட்டுப் போர் கொடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வடிகட்டும்போது நேர் எதிர். அதே 1054 வெசலில், வால்வு சர்வீஸில், அதாவது வடிகட்டும் நிலையில், இருக்கும்போது நிமிடத்துக்குப் பத்து லிட்டர் சொச்சம்தான் போகலாம். பக்கெட் நிரம்ப ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆக வேண்டும். வேகமாகத் தள்ளினால் இரும்பு மீடியாவைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். கழுவும்போது வேகம், வடிகட்டும்போது நிதானம். நம் வீட்டில் இருப்பதோ ஒரே மோட்டார், ஒரே வேகம். இதற்கு எளிய வழி, ஃபில்டரின் வெளியேறும் பைப்பில் ஒரு பால் வால்வு வைத்து சர்வீஸில் அதைப் பாதி மூடுவது. சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) மோனோபிளாக் மோட்டார் ஏற்றுவதாக இருந்தால், மிச்சத் தண்ணீர் சம்ப்புக்கே திரும்ப ஒரு பைபாஸ் பைப் போட்டுவிட்டால் மோட்டாருக்கும் நல்லது.

வால்வை யார் திருப்புவது. சிரிக்காதீர்கள், இது உண்மையான அளவுகோல். வாரம் இரண்டு முறை பதினைந்து நிமிடம் ஃபில்டர் பக்கத்தில் நிற்க வீட்டில் ஆள் உண்டா? மொட்டை மாடியில் ஃபில்டரை வைத்துவிட்டு, முட்டி வலி உள்ள அம்மாவை நம்பிக்கொண்டு ஆபீஸ் போகும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பணம். இன்றைய பில்லைப் பார்க்காதீர்கள். ஐந்து வருடக் கணக்கைப் பாருங்கள். பேக்வாஷ் தண்ணீர், ரிப்பேர், இரும்பு பாழாக்கும் ஆர்.ஓ. மெம்பிரேன், கீசர், வாஷிங் மெஷின் வால்வு எல்லாம் அதில் வர வேண்டும்.

## வழி 1: இருப்பதையே சர்வீஸ் செய்து ஓட்டுவது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இந்த வழி புரியும். நான்காவது வருடம் தண்ணீர் மஞ்சளானது. வந்து பார்த்த ஒரு கம்பெனி ஆள், வெசலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மீடியா செத்துப்போச்சு" என்றார். தட்டிப் பார்த்து மீடியா செத்ததைக் கண்டுபிடிக்கும் வித்தை எனக்குப் புதிது. சரி என்று சொல்லும் முன், எங்கள் பழைய பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மல்டிபோர்ட் வால்வின் மூடியைக் கழற்றினார். உள்ளே சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், ஸ்பைடர் காஸ்கெட். ஒரு கால் எழும்பி, நடுவில் அறுந்து கிடந்தது. "ஓடுற மோட்டாரோட கைப்பிடிய திருப்புனீங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் காஸ்கெட் பிய்ந்தால், வரும் தண்ணீரில் ஒரு பகுதி மீடியாவுக்குள் போகாமலே நேராக வெளியேறும் பக்கம் கலந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மீடியா செத்த மாதிரியே தெரியும். அடையாளம் ஒன்று உண்டு: வால்வு சர்வீஸில் இருக்கும்போது கழிவுநீர்க் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் முதல் சந்தேகம் காஸ்கெட் மேல்தான். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்ற ஒரு விதியைப் பின்பற்றினால் அது பல வருடம் வரும்.

காஸ்கெட் மாற்றிய பிறகு அவர் பக்கெட்டை வைத்தார். போர் மோட்டாரில் 20 லிட்டர் நிரம்ப ஒரு நிமிடம் ஐம்பது நொடி. ஏப்ரல் மாதம். "இதுல மீடியா அசையவே அசையாது சார். இத்தனை நாளா நீங்க கழுவுனது பைப்பைத்தான்" என்றார். சம்ப் மோனோபிளாக்கிலிருந்து ஒரு T வடிவ பைப் இணைப்பு எடுத்து, பேக்வாஷுக்கு மட்டும் அந்த லைனைத் திருப்பினோம். முதல் பேக்வாஷில் வந்தது தண்ணீர் இல்லை, கேழ்வரகுக் கூழ். இரண்டாவதில் டீ. மூன்றாவது நாள் சாயங்காலம்தான் தெளிந்தது. அந்த மீடியா அதற்கப்புறமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செலவு குறைவு, ஆனால் மறைந்த செலவு தண்ணீர். நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் பத்து நிமிடம் பேக்வாஷ், அப்புறம் ரின்ஸ் (அலசல்). ஒரு தடவைக்கு ஏறக்குறைய 300 லிட்டர். வாரம் இரண்டு தடவை என்றால் 600. மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை. அந்தக் காவித் தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். மழைநீர் சேகரிப்புக் குழியில் மட்டும் விடாதீர்கள். 2003இல் அரசு கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு வெட்டிய குழி, இந்தத் துருச் சேறு படிந்தால் அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. "ஆசிட் சர்வீஸ்" என்று சொல்லி வெசலுக்குள் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றுபவர்கள் உண்டு. அயர்ன் மீடியாவின் உயிரே மாங்கனீசு டை ஆக்சைடுதான். அதோடு அந்த ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1774இல் ஷீலே குளோரினைக் கண்டறிந்தது இதே இரண்டையும் சேர்த்துத்தான். மீடியாவின் பூச்சும் கரையும், நிற்பவரின் நுரையீரலும் எரியும். வேண்டவே வேண்டாம்.

இந்த வழி யாருக்கு: பக்கெட் சோதனையில் தோற்றவர்களுக்கு, காஸ்கெட் கசிபவர்களுக்கு, யூனிட் ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு. இரண்டு வாரம் ஒழுங்காகக் கழுவிப் பார்த்தும் இரண்டு டம்ளர்களும் ஒரே கறுப்பாக இருந்தால் அடுத்த வழிக்குப் போகலாம்.

## வழி 2: மீடியாவை மட்டும் மாற்றுவது

மீடியா உண்மையிலேயே தீர்ந்துபோவது உண்டு. பூச்சு தேய்ந்துபோகும், துகள்கள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், அளவு குறையும். பேக்வாஷ் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து அடியைத் தடவினால் கறுப்பு மணல் தட்டுப்படுகிறதா? தினம் கொஞ்சமாக மீடியா சாக்கடைக்குப் போகிறது. அதே மணல் வீட்டுக் குழாய் ஜல்லடையில் வந்தால், வெசலின் அடியில் மீடியாவைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் சல்லடை, டிஸ்ட்ரிப்யூட்டர் என்பார்கள், அது உடைந்திருக்கிறது. அதை மாற்றாமல் மீடியாவை மட்டும் கொட்டினால் புது மீடியாவும் மேல்தொட்டிக்குத்தான் போகும்.

எந்த மீடியா என்பதில்தான் சூட்சுமம். பிர்ம் வகை லேசு; குறைந்த தண்ணீரில் கழுவலாம்; மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும், குளோரின் ஆகாது, அழுகிய முட்டை வாசம் வரும் தண்ணீரும் ஆகாது. ஆழ்துளையிலிருந்து சப்மெர்சிபிள் நேராக வெசலுக்குள் தள்ளும் தண்ணீரில் காற்றே பட்டிருக்காது. அங்கே பிர்மைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பதில் பொருளில்லை. சம்ப்பில் கொட்டி, காற்றுப் பட்ட தண்ணீரை ஏற்றுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

கிரீன்சாண்ட் வகைக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் அவ்வப்போது கொடுத்து உயிர் ஊட்ட வேண்டும். வேலை செய்யும், ஆனால் ஊதாக் கரைசலைக் கையாள ஆள் வேண்டும், ரின்ஸ் சரியாகச் செய்யாவிட்டால் மேல்தொட்டி ரோஸ் நிறமாகும். வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பைரோலுசைட் போன்ற கனத்த தாது வகை பல வருடம் உழைக்கும், குளோரினையும் தாங்கும். ஆனால் அந்த 23 நொடிப் பக்கெட்டை மறந்துவிடாதீர்கள். "பெஸ்ட் மீடியா" என்று அதைப் போட்டுவிட்டு, அரைகுறைத் தண்ணீரில் கழுவினால், ஒரே வருடத்தில் அடியில் கெட்டித்துக் கல்லாகும்.

மறைந்த செலவுகள்: பழைய மீடியாவை அள்ளி வெளியே எடுக்கும் கூலி, கீழே போடும் கூழாங்கல், புதுக் காஸ்கெட், ஓ-ரிங். கொட்டேஷன் வாங்கும்போது எத்தனை லிட்டர் மீடியா என்று எழுதி வாங்குங்கள். 1054 வெசலின் மொத்தக் கொள்ளளவு 60 லிட்டர் சொச்சம். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தால்தான் பேக்வாஷில் மீடியா எழும்ப இடம் இருக்கும். "ஃபுல்லா போட்டுத் தர்றேன்" என்றால் அது தாராளம் அல்ல. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) வைத்திருப்பவர்கள் பேப்பரைப் படியுங்கள். வந்து பார்ப்பது அடங்கும், மீடியா பெரும்பாலும் அடங்காது.

இந்த வழி யாருக்கு: வெசலும் வால்வும் நன்றாக இருந்து, கழுவியும் பலனில்லாதவர்களுக்கு. என் தனிப்பட்ட கோடு: எல்லாம் சேர்த்து, புது யூனிட் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிப்பேன்.

## வழி 3: புது யூனிட்

வெசல் விரிசல் விட்டிருந்தால், மொட்டை மாடி வெயிலில் வருடக்கணக்கில் நின்று நார் வெளியே தெரிந்தால், பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். வீட்டில் மாடி எடுத்து வாடகைக்கு விட்டு, தண்ணீர்ச் செலவு இரட்டிப்பானவர்களுக்கும் பெரிய வெசல் தேவைப்படும்.

ஆனால் "பெருசா போட்டா பிரச்சினையே வராது" என்பதை நம்பாதீர்கள். 13 அங்குல வெசலில் வடிகட்டும் திறன் கூடும். பேக்வாஷுக்கும் நிமிடத்துக்கு 35 லிட்டர் கேட்கும், அதுவும் லேசான மீடியாவுக்கே. பக்கெட் 34 நொடியில் நிரம்பாத வீட்டில் பெரிய வெசல் என்பது பெரிய குப்பைத்தொட்டி.

அடுத்த ஆசை ஆட்டோமேட்டிக் வால்வு. ராத்திரி இரண்டு மணிக்குத் தானே கழுவிக்கொள்ளும் என்று விற்கிறார்கள். பைப்பில் எப்போதும் பிரஷர் இருக்கும் ஊர்களுக்காக வடிவமைத்த ஏற்பாடு அது. நம் வீடுகளில் இரண்டு மணிக்கு மோட்டார் ஓடாது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பத்தடி உயரத்துக்கு 0.3 பார் பிரஷர்தான் கிடைக்கும். வால்வு சமர்த்தாகத் திரும்பும், உள்ளே ஒன்றும் நடக்காது. மோட்டாரையும் சேர்த்து ஓட்டும் கன்ட்ரோலரோ, பிரஷர் பம்போ இருந்தால்தான் அது அர்த்தமுள்ளது. அந்தச் செலவையும் கொட்டேஷனில் சேர்த்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் கடிகாரம் தப்பாகிறதா என்றும் கேளுங்கள். தப்பானால் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது அது குளிக்கப் போகும்.

வாங்கப் போன இடத்தில் "சாஃப்ட்னர் போட்டா அயர்னும் போயிடும்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். சாஃப்ட்னர் என்பது தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி; கரைந்த இரும்பு கொஞ்சமாக இருந்தால் அதன் உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் பிடிக்கும்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் ரெசின் துருப் பூசிக்கொண்டு, அதைக் கழுவும் உப்புத் தண்ணீருக்கும் மசியாது. தண்ணீர் கடினமாகவும் இருந்தால் முதலில் அயர்ன் ஃபில்டர், அப்புறம் சாஃப்ட்னர்.

இந்த வழி யாருக்கு: வெசல் போனவர்களுக்கு, அளவே ஆரம்பத்திலிருந்து தவறாக வாங்கியவர்களுக்கு, வால்வைத் திருப்ப ஆளில்லாமல் ஆட்டோமேட்டிக்குக்கு வேண்டிய மோட்டார் ஏற்பாட்டையும் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு.

## வழி 4: மாமனார் சொன்ன தொட்டி

ஃபில்டரே இல்லாமல் காற்றும் நேரமும் செய்யும் வேலை. ஒரு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்க 0.14 மில்லிகிராம் ஆக்சிஜன் போதும். ஷவர் மாதிரி ஓட்டை போட்ட பைப்பில் தண்ணீரைத் தொட்டிக்குள் மழையாகக் கொட்டினாலே அது கிடைத்துவிடும். கம்ப்ரசர் போர் உள்ளவர்களுக்கு இதுவும் வேண்டாம். காற்றை உள்ளே அனுப்பித் தண்ணீரைத் தூக்கும் ஏற்பாடு என்பதால், குபுக் குபுக்கென்று சம்ப்பில் விழும்போதே காற்று கலந்துதான் விழுகிறது.

பி.எச். 7க்கு மேல் இருந்தால், ஒரு ராத்திரி விட்டால் காவியின் பெரும்பகுதி அடியில் இறங்கும். மேலாகத் தெளிந்ததை எடுத்து, ஒரு சாதாரண மணல் ஃபில்டரில் விட்டு ஏற்றலாம். தெளிய மறுத்தால் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் வேகப்படுத்தும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இரும்புள்ள 1,000 லிட்டருக்கு 2 கிராம் குளோரின் வேண்டும். 25 சதவீத வீரியமுள்ள பவுடர் என்றால் 8 கிராம். கரைத்துத் தெளிய வைத்த மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். அதற்குப் பின்னால் பிர்ம் ஃபில்டர் இருந்தால் குளோரின் கூடாது என்பது நினைவிருக்கட்டும்.

மறைந்த செலவு இடம். ஒன்று நிரம்பித் தெளியும்போது இன்னொன்றிலிருந்து எடுக்க வேண்டும், ஆக இரண்டு தொட்டி. சென்னையில் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டித்தான் கட்ட வேண்டும். அடியில் வண்டலைத் திறந்துவிட ஒரு வால்வு, கொஞ்சம் சரிவு, மாதம் ஒரு கழுவல் இல்லாவிட்டால் மோட்டார் அடித்தண்ணீரை உறிஞ்சும் நாளில் வீடெங்கும் காவி. மாங்கனீசு அதிகமாக இருந்து கறை கறுப்பாகப் படிகிறது என்றால், இந்த வழி உதவாது. அது வெறும் காற்றுக்கு அவ்வளவு சுலபமாக மசியாது.

இந்த வழி யாருக்கு: தோட்டமும் இடமும் உள்ள வீடு, கம்ப்ரசர் போர், இரும்பு மிக அதிகம் உள்ள தண்ணீர். லிட்டருக்கு 8, 10 மில்லிகிராம் என்று வந்தால், ஃபில்டர் வைத்திருப்பவர்களும் முன்னால் ஒரு தொட்டி வைத்துத்தான் ஆக வேண்டும். நேராகத் தள்ளினால் தினம் பேக்வாஷ்தான்.

## ஒரே பார்வையில்

| | சர்வீஸ் | மீடியா மாற்றம் | புது யூனிட் | தொட்டி |
|---|---|---|---|---|
| இன்றைய பில் | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | கட்டுமானத்தைப் பொறுத்து |
| மறைந்த செலவு | பேக்வாஷ் தண்ணீர் | கூலி, கூழாங்கல், டிஸ்ட்ரிப்யூட்டர் | பம்ப், கன்ட்ரோலர் | இடம், வண்டல் கழுவல் |
| பக்கெட் சோதனையில் தோற்றால் | முதலில் லைனைச் சரிசெய்ய வேண்டும் | புது மீடியாவும் அடைக்கும் | பெரிய வெசலும் அடைக்கும் | கவலை இல்லை |
| வீட்டில் ஆள் | வாரம் இரு முறை | வாரம் இரு முறை | ஆட்டோமேட்டிக் என்றால் எப்போதாவது | மாதம் ஒரு நாள், வியர்க்க |

மூன்றாவது வரியைப் பார்த்தால் நான் ஏன் பக்கெட்டையே பிடித்துத் தொங்குகிறேன் என்று தெரியும்.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பக்கெட்டை வைத்தோம். 52 நொடி, தேறிவிட்டார். காஸ்கெட் நன்றாக இருந்தது. ஆனால் பேக்வாஷ் தண்ணீரில் கறுப்பு மணல், இரண்டு டம்ளரும் ஒரே கறுப்பு. ஆக அவருக்குப் பிளம்பர் சொன்னதுதான் சரி: மீடியா. அவர் தண்ணீர் சம்ப்பில் விழுந்து ஏறுவதால் பிர்ம் வகையே போதும். வெளியேறும் பைப்பில் ஒரு பால் வால்வும் போடச் சொன்னேன். மாமனார் முகம் வாடாமலிருக்க, சம்ப்புக்குள் விழும் பைப் முனையில் ஒரு பழைய ஷவர் தலையும் மாட்டியாகிவிட்டது. அது பிர்முக்கு வேண்டிய காற்றையும் தரும்.

அந்த வேட்டிக்கு அவர் வீட்டில் பிளீச்சிங் போட்டு ஊறவைத்திருந்தார்கள். துருக் கறை பிளீச்சிங்கில் போகாது, இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். நன்றாக அலசி, பிளீச்சிங் வாசம் சுத்தமாகப் போன பிறகு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊறவைக்கச் சொல்லியிருக்கிறேன். அலசுவது மட்டும் ஃபில்டர் சரியான பிறகு.